கடலுக்கு அடியில் சாலை வந்தால் கடைவீதிக்கு என்ன ஆகும்?

தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கடல் மீது பாலமும், கடலுக்கு அடியில் சுரங்கச் சாலையும் அமைப்பது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக அடிபட்டு வருகிறது. செய்தி வரும்போதெல்லாம் நம் கடைவீதியிலும் இரண்டு விதமான அபிப்பிராயம் எழுகிறது. "சரக்கு மலிந்துவிடும், வியாபாரம் பெருகும்" என்பார் ஒருவர். "தா.பழூரில் மளிகைக் கடை வைத்திருக்கிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்பார் இன்னொருவர். இரண்டுமே முழு உண்மை அல்ல. தண்ணீரைத் தாண்டி ஒரு வழி பிறந்தால், அதன் இரு முனைகளிலும் உள்ள கடைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை உலகம் பல இடங்களில் பார்த்துவிட்டது. கொள்ளிடக் கரையில் கடை நடத்தும் நமக்கும் அந்த அனுபவம் உதவும். ஆகவே கடலடிச் சாலை என்பது என்ன, யார் பணத்தில் அமைகிறது, யாருக்கு லாபம் என்பதை நம் உறுப்பினர்களுக்காக இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

பாம்பனும் போட் மெயிலும்

நம் மாநிலத்தில் கடல் சூழ்ந்த ஊரைப் பெருநிலத்தோடு இணைத்த முதல் பெரிய வேலை பாம்பன் ரயில் பாலம். 1914ம் ஆண்டு பிப்ரவரி 24ந் தேதி திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி மேலே தூக்கி வழிவிட்டது. சென்னையிலிருந்து ரயில், தனுஷ்கோடியிலிருந்து நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில் என்று கொழும்பு வரை ஒரே டிக்கெட்டில் போன "போட் மெயில்" பயணம் பலருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கப்பல் போக்குவரத்தை நம்பியே தனுஷ்கோடி வளர்ந்தது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், கடைகள் எல்லாம் இருந்தன. 1964ம் ஆண்டு டிசம்பர் 22ந் தேதி இரவு அடித்த புயல் அந்த ஊரையே அழித்துவிட்டது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் இலங்கைக் கலவரக் காலத்தில், 1980களில் நின்று போனது.

ராமேஸ்வரம் தீவுக்கு லாரி நேராகப் போகும் வசதி 1988ம் ஆண்டு அக்டோபர் 2ந் தேதி, சாலைப் பாலம் திறந்த பிறகுதான் வந்தது. அதுவரை ரயிலையோ படகையோ நம்பி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி இரண்டு முறை கொடுத்தே தீவுக்குச் சரக்கு போயிற்று. 2025ம் ஆண்டு ஏப்ரல் 6ந் தேதி பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டுவிட்டது.

இலங்கைத் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோ மீட்டர். 2002ம் ஆண்டு வாக்கில் இலங்கைப் பிரதமராயிருந்த ரணில் விக்கிரமசிங்கே பாலம் அமைக்கும் யோசனையை முன்வைத்தார். 2015 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, பாலமும் கடலடிச் சுரங்கமும் சேர்ந்த திட்டம் ஒன்றைப் பற்றி மக்களவையில் பேசினார். செலவு சுமார் 24,000 கோடி ரூபாய் என்றும், ஆசிய வளர்ச்சி வங்கி நிதி தர ஆயத்தமாக உள்ளது என்றும் சொல்லப்பட்டது. அப்படிப் பேச்சு எதுவும் நடக்கவில்லை என்று இலங்கை அரசுத் தரப்பில் மறுப்பும் வந்தது. 2023ம் ஆண்டு ஜூலையில் அதே ரணில் ஜனாதிபதியாக டில்லி வந்தபோது, தரைவழி இணைப்பு சாத்தியமா என்று ஆராய்வதாக இரு நாடுகளும் கூட்டறிக்கை வெளியிட்டன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டு, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது.

முழுவதும் பாலமாகவே போட்டால் போதாதா, சுரங்கம் எதற்கு என்று கேட்கலாம். தாழ்வான பாலம் குறுக்கே நின்றால் பெரிய கப்பல்கள் போக வழி இல்லை. கப்பல் போகும் இடத்தில் மட்டும் சாலையைக் கடலுக்கு அடியில் இறக்கிவிட்டால் இரண்டும் நடக்கும்.

கடலடிச் சாலை எப்படி அமைக்கிறார்கள்?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பாறையைக் குடைவது. கடல் தரைக்கு அடியில் கெட்டியான பாறை இருந்தால், துளை போட்டு, வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டே போகலாம். நார்வே நாட்டில் பெரும்பாலும் இந்த முறைதான். 1982ல் வார்டோ என்ற தீவை 2.9 கிலோ மீட்டர் சுரங்கத்தால் இணைத்தார்கள். அந்நாட்டின் முதல் கடலடிச் சாலை அது. இன்று அங்கே இப்படி 30க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கின்றன.

இரண்டாவது, ராட்சத இயந்திரத்தால் துளைப்பது. பம்பாய்க் கடற்கரைச் சாலைக்காக 12 மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள இயந்திரத்தைக் கொண்டு, தலா சுமார் 2 கிலோ மீட்டர் நீளமுள்ள இரட்டைச் சுரங்கம் துளைத்தார்கள். 2024ல் அதில் வண்டிகள் ஓடத் தொடங்கின.

மூன்றாவது, பெட்டியை மூழ்கடிப்பது. கரையிலேயே பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகளை வார்த்து, இரு முனையையும் அடைத்து, மிதக்கவிட்டு இழுத்துப்போய், கடல் தரையில் முன்பே தோண்டிய பள்ளத்தில் இறக்கி, ஒன்றோடொன்று பூட்டிவிடுவார்கள். ஹாங்காங்கிலிருந்து மக்காவுக்குப் போகும் சாலையில் 2018ல் திறந்த 6.7 கிலோ மீட்டர் சுரங்கம் இந்த வகை. ராமர் பாலம் பகுதியில் மணல் திட்டும் சுண்ணாம்புப் பாறையுமாக இருப்பதால் நார்வே முறை அங்கே ஒத்துவராது. மற்ற இரண்டில் ஒன்றுதான் பொருந்தும். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மீனவர்களின் பிழைப்பும் அந்தக் கடலில்தான் இருக்கிறது. ஆகவே தோண்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியது நிறைய உண்டு.

கட்டி முடித்தாலும் வேலை முடியாது. கசியும் தண்ணீரை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைக்க வேண்டும். வண்டிப் புகையை வெளியேற்ற மின்விசிறிகள் ஓட வேண்டும். சுரங்கம் நீள நீள புகையும் தீ விபத்து பயமும் கூடும். இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் 50 கிலோ மீட்டர் சுரங்கத்தில் யாரும் லாரியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. லாரியை ரயில் பெட்டியில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டு போகிறார்கள். அப்படியிருந்தும் 1996 நவம்பரில் லாரி ஏற்றிய ரயில் ஒன்று சுரங்கத்துக்குள் தீப்பிடித்தது. இதனால்தான் எரியும் சரக்கு, கேஸ், வெடிபொருள் வகைகளுக்கு இப்படிப்பட்ட சுரங்கங்களில் கடுமையான கட்டுப்பாடு வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். பம்பாய்க் கடற்கரைச் சாலை திறந்தபோது சரக்கு வண்டிகள், இருசக்கர வாகனங்கள், ஆட்டோக்கள் போகக்கூடாது என்று போக்குவரத்துப் போலீசார் உத்தரவு போட்டார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துச் சாலை போட்டாலும், அதில் நம் சரக்கு போகுமா என்பது தனிக் கேள்வி.

செலவு யார் தலையில்?

கடலடிச் சாலையின் செலவு பெரும்பாலும் கட்டணமாகப் பயணிகளிடமும் சரக்கு வண்டிகளிடமுமே வசூலிக்கப்படுகிறது. இதில் நல்ல உதாரணமும் உண்டு, கெட்ட உதாரணமும் உண்டு.

ஐஸ்லாந்து நாட்டில் ஒரு கழிமுகத்தைச் சுற்றிப் போவதைத் தவிர்க்க 1998ல் 5.8 கிலோ மீட்டர் கடலடிச் சுரங்கம் திறந்தார்கள். சுமார் 45 கிலோ மீட்டர் சுற்று மிச்சம். கடன் வாங்கிக் கட்டிய கம்பெனி 20 ஆண்டுகள் கட்டணம் வசூலித்துக் கடனை அடைத்தது. 2018 செப்டம்பரில் சுரங்கத்தை அரசிடம் ஒப்படைத்தது. அதோடு கட்டணமும் ரத்தாயிற்று. நம் ஊரில் ஒருவர் சீட்டுப் போட்டுக் கட்டிடம் கட்டி, கடன் தீர்ந்ததும் வாடகையை நிறுத்தியது போன்ற கதை இது.

மறுபக்கம் இங்கிலாந்து - பிரான்சு சுரங்கம். 1994 மே மாதம் திறந்தபோது செலவு முதல் மதிப்பீட்டைவிட ஏறக்குறைய 80 சதவீதம் கூடியிருந்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சுரங்கம் வந்தால் கப்பல்கள் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் அவை கட்டணத்தைக் குறைத்துப் போட்டிக்கு நின்றன. 2007ல் கடனையே மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர்கள் கைப்பொருளை இழந்தார்கள்.

கிசராஸு ஊரின் பாடம்

இனி நமக்கு முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஜப்பானில் டோக்கியோ வளைகுடாவைக் கடக்க 1997ம் ஆண்டு டிசம்பரில் 15 கிலோ மீட்டர் நீளச் சாலை திறக்கப்பட்டது. நகரத்துப் பக்கம் 9.6 கிலோ மீட்டர் கடலடிச் சுரங்கம், மறுபக்கம் பாலம், நடுவில் செயற்கைத் தீவு. இலங்கைக்குப் பேசப்படும் "பாதி பாலம், பாதி சுரங்கம்" என்ற திட்டமும் இதே ஜாதிதான்.

அக்கரையில் கிசராஸு என்ற நடுத்தர ஊர். அதுவரை பெருநகரத்துக்குப் போக வளைகுடாவைச் சுற்ற வேண்டும், அல்லது கப்பலில் ஏற வேண்டும். சாலை வந்தால் நகரத்துக் கூட்டமெல்லாம் இங்கே வரும் என்று கடைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. நகரத்திலிருந்து வந்தவர்களைவிட, ஊரிலிருந்து நகரத்துக் கடைகளுக்குப் போனவர்கள்தான் அதிகமாயினர். பஸ் ஏறினால் சீக்கிரத்தில் பெரிய கடைத்தெரு. ரயில் நிலையத்து வீதியில் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அங்கிருந்த பெரிய பல்பொருள் கடையும் 2000ல் மூடப்பட்டது. அதன் தலைமை நிறுவனம் திவாலானதும், அப்போது ஜப்பானில் நிலவிய பண மந்தமும் இதற்குக் காரணங்கள்தான் என்றாலும், புதுச் சாலை கடைவீதியைக் காப்பாற்றவில்லை என்பது தெளிவு. வளைகுடாவைக் கடந்த பழைய கப்பலும் சாலை திறந்ததோடு நின்றது.

பெரிய ஊர் சின்ன ஊரின் வாடிக்கையாளர்களை இப்படி இழுத்துக்கொள்வதற்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் "உறிஞ்சுகுழல் விளைவு". குளிர்பானத்தில் குழல் வைத்து உறிஞ்சினால் பானம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கதை அதோடு முடியவில்லை. திறந்தபோது ஒரு காருக்கு 4,000 யென் என்றிருந்த கட்டணம் 2009ல் தானியங்கி முறையில் செலுத்துவோருக்கு 800 யென்னாகக் குறைக்கப்பட்டது. வண்டிகள் பெருகின. 2012ல் ஊருக்கு வெளியே, சாலை முடியும் இடத்துக்கு அருகே ஒரு மாபெரும் அங்காடி வந்தது. இப்போது நகரத்துக்காரர்கள் அங்கே வருகிறார்கள். ஆனால் பழைய ரயில் நிலைய வீதிக்கு அந்தக் கூட்டம் திரும்பவில்லை. ஊருக்கு லாபம் வந்தது. பழைய கடைக்காரருக்கு வரவில்லை.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. நார்வேயில் ஹிட்ரா தீவுக்கு 1994ல் 5.6 கிலோ மீட்டர் சுரங்கம் வந்தது. கடல் மட்டத்திலிருந்து 264 மீட்டர் ஆழம். அந்தத் தீவில் சால்மன் மீன் வளர்ப்பு பெரிய தொழில். மீன் கெடும் பொருள். கப்பலுக்காகக் காத்து நின்ற லாரி இப்போது ஏற்றிய கையோடு கிளம்புகிறது. தன்னிடம் விற்கச் சரக்கு இருந்த ஊருக்குச் சுரங்கம் வரவானது. வாங்கி விற்பதை மட்டுமே நம்பியிருந்த வீதிக்கு அதே மாதிரி வழி செலவானது. இதுதான் இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

கட்டணக் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 டன் லாரியில் 50 கிலோ மூட்டை 200 வருகிறது. வழியில் சுரங்கக் கட்டணம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 20 ரூபாய், கிலோவுக்கு 40 காசு. சின்ன வண்டியில் 10 மூட்டை மட்டும் எடுத்து வரும் கடைக்காரருக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான் என்றாலும், மூட்டைக்கு 100 ரூபாய், கிலோவுக்கு 2 ரூபாய் விழுகிறது. அதாவது பெரியவரைவிட ஐந்து மடங்கு.

அதே சின்னக் கடைக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து 4 டன் வண்டியில் 80 மூட்டை கொண்டுவந்து, 2,000 ரூபாய் கட்டணம் கட்டினால், மூட்டைக்கு 25 ரூபாய், கிலோவுக்கு 50 காசு. மொத்த வியாபாரியின் அடக்கவிலையை ஏறக்குறைய எட்டிவிடலாம். வழி எதுவானாலும், கட்டணம் எவ்வளவானாலும், வண்டி நிறைந்து வருபவனுக்குத்தான் அது மலிவு.

இலங்கை வியாபாரத்திலும் இதே கணக்குதான். வெங்காயம், மிளகாய் வற்றல், பருப்பு இங்கிருந்து போகின்றன. மிளகு, கிராம்பு, கருவாப்பட்டை, பாக்கு அங்கிருந்து வருகின்றன. 1998ல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் ஏற்கனவே இருக்கிறது. நாளைக்கே சுரங்கம் திறந்தாலும் சுங்கவரி, உணவுத்தரச் சோதனை, பயிர் நோய்ச் சோதனை எல்லாம் இருக்கும். அவற்றைச் சமாளிக்க ஆளும் அலுவலகமும் உள்ள பெரிய ஏற்றுமதியாளர்தான் முதலில் பயனடைவார். நமக்கு வருவது அவர் கொடுக்கும் விலைதான்.

கொள்ளிடக் கரையில் நம் நிலை

நம் பகுதிக்குக் கடல் இல்லை என்றாலும் ஆறு இருக்கிறது. கொள்ளிடத்துக்கு நடுவே ஆற்றுத் தீவாக அமைந்து, வெள்ளம் வந்தால் துண்டிக்கப்படும் ஊர்களும் நம் மாவட்டத்தில் உண்டு. மதனத்தூர் - நீலத்தநல்லூர் பாலம் வருவதற்கு முன் கும்பகோணம் போக அணைக்கரையைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் படகு, கோடையில் மணலில் நடை. அணைக்கரை கீழணை 1836ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. பழமை காரணமாக அதன் மேல் கனரக வாகனங்களுக்குத் தடை வந்தபோது லாரிகள் சுற்றிப் போனதையும், வாடகை ஏறியதையும் நம் மொத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

பாலம் வந்ததால் கும்பகோணம் மொத்தக் கடைகளிலிருந்து சரக்கு காலையில் சொன்னால் மதியம் இறங்குகிறது. நல்லதுதான். அதே பாலத்தில் நம் வாடிக்கையாளரும் போகிறார். கல்யாணச் சாமான், தீபாவளிச் சாமான் என்றால் கும்பகோணம். மாதச் சாமானுக்குக்கூட அங்கே போய், நம்மிடம் பத்து ரூபாய்க்குக் கடுகும், கணக்கில் எழுதிக்கொள்ளும் கடன் சாமானும் மட்டும் வாங்குவோர் பெருகி வருகிறார்கள். நம் ஊரிலும் குழல் வைத்தாகிவிட்டது. பானம் எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் கல்லாவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

1. கூட்டுக் கொள்முதல்: எண்ணெய், சர்க்கரை, பருப்பு, மாவு போன்ற வேகமாக ஓடும் சரக்கை ஐந்தாறு கடைகள் சேர்ந்து ஒரே வண்டியில் எடுக்கலாம். பில் மட்டும் அவரவர் பெயரில், அவரவர் ஜி.எஸ்.டி. எண்ணில் தனித்தனியாக இருக்கட்டும். பின்னால் தகராறு வராது.

2. வெளியே போகும் சரக்கு: நெல், கரும்பு, மக்காச்சோளம், நிலக்கடலை, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி என்று நம் பகுதியில் விளைவதைத் தரம் பிரித்து, சுத்தம் செய்து, பாக்கெட் போட்டு அக்கரைக்கு அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டி வாடகையிலேயே அது போய்ச் சேரும்.

3. பெரிய கடை தராததைத் தருவது: வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, அறுவடை வரை பொறுத்துக்கொள்வது, கெட்ட சரக்கை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பது ஆகியவை நம் பலம். கடனுக்கு மட்டும் வரம்பு வைத்து, நோட்டை மாதாமாதம் முடித்துவிட வேண்டும். கடனுக்கு நம் கடை, ரொக்கத்துக்குக் கும்பகோணம் என்ற வழக்கத்தை வளரவிட்டால் நம் முதல்தான் கரையும்.

4. விலைப்பட்டியல்: அக்கரை விலை வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிட்டது. முக்கியமான பத்துச் சாமான்களுக்காவது அந்த விலையை ஒட்டி விற்று, பலகையில் எழுதி வைப்பது நல்லது. போக்குவரத்துச் செலவும் நேரமும் சேர்த்தால் இங்கேயே வாங்குவது லாபம் என்று அவரே கணக்குப் போடுவார்.

5. ஒரே வழியை நம்பாமை: தனுஷ்கோடி ஒரு துறைமுகத்தை மட்டும் நம்பியது. நம் கொள்முதலும் ஒரே ஊரை, ஒரே பாலத்தை நம்பி இருக்கக் கூடாது. கும்பகோணத்தோடு ஜெயங்கொண்டம், அரியலூர் மொத்தக் கடைகளிலும் கணக்கு இருந்தால், பாலத்தில் பழுதுவேலையோ வெள்ளமோ வந்தாலும் கடை காலியாகாது.

இலங்கைக்குக் கடலடிச் சாலை வருவதும் வராததும் அரசுகளின் கையில். நம் ஊர்ப் பாலத்தில் இரு பக்கமும் சரக்கு ஓடச் செய்வது நம் கையில் இருக்கிறது. முதல் யோசனையான கூட்டுக் கொள்முதலில் சேர விரும்பும் உறுப்பினர்கள், தங்கள் கடைக்கு வாரம் எத்தனை மூட்டை தேவைப்படும் என்ற விவரத்தை எழுதிக்கொண்டு அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.